பாதிக் கிணற்று வீட்டைத் தேடி

கையில் பழைய வரைபடத்தை விரித்துக்கொண்டு கடலூர்த் தெருவில் நின்று பாருங்கள். ஜனங்கள் இரண்டில் ஒன்று நினைப்பார்கள். இவள் இடம் வாங்க வந்தவள், இல்லாவிட்டால் இடத்தைப் பிடுங்க வந்தவள். போய் இறங்கிய முதல் நாளே நான் இரண்டும் ஆகிவிட்டேன்.

நான் பினாங்குக்காரி. பேர் நூர்ஜஹான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். "கண்ணாடியைப் பார், கிளட்சை மிதி, அடுத்த திருப்பத்தில் இடது" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அடுத்தவரிடம் வழி கேட்பதென்றால் எனக்கு மானப் பிரச்சினை. அப்படிப்பட்டவளை இரண்டு நாள் தெருத்தெருவாக வழி கேட்க வைத்தவர் என் வாப்பா.

வாப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் பிரஷர். ஒரு கண் போயே போய்விட்டது. மற்றதில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. "இருக்கிற வரைக்கும் லாபம்னு வச்சுக்குங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து, ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, "நூரு, நான் பொறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துடணும்" என்றார்.

பிள்ளையாக இருக்கும்போது கப்பலேறி வந்தவர். அப்புறம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இனிமேல் விமானத்தில் உட்காரவும் உடம்பு கேட்காது. ஆகவே எனக்கு உத்தரவு போட்டார். "நீ போய் போன்ல காட்டு. கிடைச்சா மட்டும் கூப்பிடு. கிடைக்கலன்னா கூப்பிட்டு என் உசுரை வாங்காதே, நேரா வீடு வந்து சேரு."

அந்த வீட்டைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் கொஞ்சம்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும். மொட்டை மாடிக்குப் போனால் கோபுரம் தெரியும். கொல்லையில் ஒரு பாதிக் கிணறு.

பாதிக் கிணறு என்றால், கிணற்றுக்கு நடுவாக ஒரு மதில் போகும். இந்தப் பக்கம் நம் பாதி, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாதி. மதில் தண்ணீருக்கு மேலேயே நின்றுவிடும், கீழே தண்ணீர் ஒன்றுதான். இரண்டு வீட்டு வாளியும் உள்ளே போய் மோதிக்கொள்ளும். உடனே அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல் வருமாம். "எவண்டா அவன், என் வாளியில இடிக்கிறது?" ஆள் தெரியாது, குரல் மட்டும்தான். "நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. கயித்தைப் போட்டுட்டு ஓடிருவேன்" என்று வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று அவருக்கு இன்று வரைக்கும் தெரியாது.

வரைபடம் தேடிக் கொடுத்தவன் காதர், என் பெரியவாப்பா மகன். குடும்ப மரம் வரைகிறேன் என்று கணினிக்கு முன்னால் குடியிருப்பவன். வெள்ளைக்காரன் காலத்து நகர அளவைப் படங்களை ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தெரு, மனை, பள்ளிவாசல், கோயில், குளம் எல்லாம் அதில் உண்டு. கிணறுகூடச் சின்ன வட்டமாகப் போட்டிருக்கும். "தாத்தா செய்யது மீரானுக்கு ஊர் கடலூர் ஓல்டு டவுன். அப்போ வீடும் ஓல்டு டவுன்" என்று காதர் தீர்ப்புச் சொன்னான். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், ஓரமாக வட்டம் போட்டிருந்த ஒரு மனையைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் கட்டி, "சும்மா போய் நில்லு, வீடு உன்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்றான். எனக்கு அப்போதே கால் தரையில் நிற்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்திருந்தேன். காலையில் மைதானத்தில் பாதி ஊர் நடக்கிறது, மீதி ஊர் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறது. நம்மூர் தே தாரிக்கை ஒரு முழம் இழுத்து ஆற்றுவார்கள். இங்கே ஆற்றுவதற்கெல்லாம் நேரமில்லை, சுடச்சுட உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலை. வாசலில் நின்ற ஆட்டோவின் டிரைவர் ஏழுமலையிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப மும்முரமாகப் படித்தார்.

"பழைய ஊடு தானேக்கா? ஏறுங்க. எனக்குத் தெரியாத ஊடே கெடையாது."

நேராகக் கொண்டுபோய் இறக்கியது செம்மண்டலத்தில். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "இவரு நம்ம மச்சான். எடம் விஷயத்துல கில்லாடி" என்று ஏழுமலை அறிமுகம் செய்தார். மச்சான் என் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய பத்திரமெல்லாம் எதுக்கு மேடம்? கிளியர் டைட்டில்ல கார்னர் பிளாட் ஒண்ணு இருக்குது, பாக்குறீங்களா?" என்றார்.

நான் எங்கள் பயிற்சிப் பள்ளிக் குரலில் கத்தினேன். "எனக்கு வாங்க வேண்டாம்! எங்க தாத்தா வீட்டைப் பார்க்கணும்! பார்க்கணும், அவ்வளவுதான்!"

"பாக்குறதுக்கு மட்டுமா பினாங்குலருந்து வந்தீங்கோ?" என்று மச்சான் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்திலிருந்து ஏழுமலைக்கும் இந்த வீடு சொந்த வேலை ஆகிவிட்டது. ஓல்டு டவுனை அங்கே எல்லாரும் ஓ.டி. என்கிறார்கள். கெடிலம் பாலத்தைத் தாண்டி ஓ.டி. போய்ச் சேரும்வரை, "ஒரு ஊட்டைப் பாக்க கடல் தாண்டி வந்துக்குறாங்க" என்று எதிரே வந்த ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒற்றைக் கையால் ஓட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அல்லாஹ் சாட்சி, அதுதான் இந்தப் பயணத்திலேயே நான் செய்த பெரிய தியாகம்.

ஓ.டி. ஒரு ஆச்சரியம்! பழைய படத்தில் இருந்த தெருக்கள் அப்படியே இருக்கின்றன. படத்தில் ஒரு சந்து முழங்கை மாதிரி மடங்குகிறது, நேரில் போனால் அங்கேயே மடங்குகிறது. பள்ளிவாசலைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இடம் மாறவில்லை. பின்தெருவில் காதர் கட்டம் கட்டிய மனைக்கு வந்தோம். அங்கே ஒரு செல்போன் கடை. கண்ணாடி, விளக்கு, பள பள. கிணறாவது மண்ணாவது!

கடைக்காரர் நல்ல மனிதர். தாத்தா பேரைச் சொன்னதும் தெரியாது என்றார். பினாங்கு என்றதும் முகம் மாறியது. "பினாங்குல சொந்தம்னா ஜைத்தூன் டீச்சர் ஊட்ல கேளுங்க. அவுங்க உம்மா எப்பவும் பினாங்கு பினாங்குன்னு பேசிட்டு இருப்பாங்க" என்று நாலு வீடு தள்ளிக் கையைக் காட்டினார்.

ஜைத்தூன் டீச்சர் பணி ஓய்வு பெற்றவர், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். கதவைப் பாதி திறந்து, முதலில் என்னைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார். அதிலிருந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.

"சொத்து விஷயமா?"

"இல்லைங்க..."

"இது எங்க உம்மா ஊடு. எங்க உம்மாவுக்கு அவுங்க உம்மா குடுத்தது. எல்லாப் பத்திரமும் இருக்குது, ஒரு பய கைவைக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க வீடு உங்களுக்கே இருக்கட்டும் லாத்தா! எங்க தாத்தா செய்யது மீரான் இங்கதான் எங்கேயோ பொறந்தாரு. எங்க வாப்பாவுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. அது முழுசா போறதுக்குள்ள அவரு வீட்டைக் காட்டணும், அதுக்குத்தான் வந்தேன்" என்று தெருவே கேட்கிற மாதிரி கொட்டினேன்.

டீச்சர் கதவை முழுசாகத் திறந்தார். "செய்யது மீரானா? பினாங்கு போனவரா? யா அல்லாஹ், அவரு எங்க உம்மாவுக்குத் தாய்மாமாவாச்சே! எங்க பாட்டியோட கூடப்பொறந்தவரு!"

ஏழுமலை வாசலில் நின்று கைதட்டினார். நான் டீச்சரைக் கட்டிப்பிடித்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியை இப்படிக் கட்டிப்பிடித்தது என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. இறால் வைத்த வாடாவும் டீயும் வந்தன. வாடா என்றால் அரிசிமாவில் செய்து பொரிப்பது. அதைக் கடிக்கிற சத்தத்தில் பாதிப் பேச்சு எனக்குக் காதில் விழவில்லை. எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும், பினாங்கே.

"அப்போ தாத்தா வீடு இதுதானே லாத்தா? கிணறு எங்கே?" என்றேன் வாய் நிறைய வாடாவோடு.

அவர் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கிணறு இருந்தது. மதில் ஒன்றும் கிடையாது, முழு வட்டக் கிணறு, மேலே இரும்பு வலை. மாடியேறிப் பார்த்தோம். கோபுரம் கிடையாது, துறைமுகப் பக்கம் படகுக் கொடிகள்தான் தெரிந்தன. எனக்குப் புஸ்ஸென்று ஆகிவிட்டது.

"உங்க வாப்பா இங்க எப்படிப் பொறப்பாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"அவங்க வாப்பா வீடு இதுதானே?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவியது. "ஆம்பளைக்கு ஏதும்மா ஊடு? எங்கள்ல ஊடு பொண்ணுக்குத்தான். நிக்காஹ் ஆச்சுன்னா மாப்புள பொண்ணு ஊட்டுக்குப் போயிடுவாரு. புள்ளைங்க பொறக்கிறது, வளர்றது எல்லாம் உம்மா ஊட்லதான். செய்யது மீரான் பொறந்தது இங்க. அவரு மவன் பொறந்தது அவரு மாப்புளயா போன ஊட்ல. எங்க உம்மா அவரை என்னான்னு சொல்லுவாங்க தெரியுமா? சிதம்பரத்து மாமா!"

சிதம்பரம்! கோபுரம்! என் மண்டையில் பல்பு எரிந்தது. வாப்பா கடலூர் என்று ஒரு நாளும் சொன்னதேயில்லை. 'நம்ம ஊடு' என்றுதான் சொல்வார், எந்த ஊர் என்று நாங்களும் கேட்டதில்லை. கடலூர் என்று முடிவு கட்டியது காதரும் நானும்தான். பாஸ்போர்ட்டில், பள்ளிக்கூடத்தில், காதரின் மரத்தில், எங்கே பார்த்தாலும் வாப்பா பேர், அவர் வாப்பா பேர், அவருடைய ஊர். ஆண்பிள்ளை வழியாகவே வண்டியை விட்டு, தப்பான ஊரில் வந்து நிறுத்தியிருக்கிறோம்.

"பொண்ணு ஊடு யாரு ஊடுன்னு தெரிஞ்சா சுலபம். பரங்கிப்பேட்டையிலருந்து சிதம்பரத்துக்கு யாவாரத்துக்குப் போன குடும்பம்னு கேள்வி. உங்க வாப்பாவோட உம்மா பேரு என்னா?"

எனக்குத் தெரியவில்லை. காதருக்குப் போன் போட்டேன். அவன் மரத்தில் தேடினான். "மனைவின்னு மட்டும் எழுதியிருக்கேன்" என்றான். இப்படி எத்தனை மனைவிகளை அந்த மரத்தில் எழுதி வைத்திருக்கிறான் என்று கேட்டேன். மலாயில் முணுமுணுத்தான். 'இவளை அனுப்பியிருக்கவே கூடாது' என்று அர்த்தம்.

வேறு வழியில்லை. கிடைக்காமல் கூப்பிடாதே என்று சொன்ன வாப்பாவையே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

"கிடைச்சிருச்சா நூரு?"

"இன்னும் இல்ல வாப்பா. உங்க உம்மா பேரு என்ன?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் மெதுவாக, "பாத்துமுத்து" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். "பாத்துமுத்து. இதை என்கிட்ட யாரும் கேட்டதேயில்லையே புள்ள."

டீச்சர் இன்னொரு வாடாவை என் தட்டில் வைத்தார்.

மறுநாள் சிதம்பரம். காதர் கோபித்துக்கொண்டாலும் வேலையில் கெட்டிக்காரன், அதே நூலகத்திலிருந்து சிதம்பரப் படத்தைத் தோண்டி எடுத்துப் போனுக்கு அனுப்பியிருந்தான். தனியார் பஸ்ஸில் டிரைவருக்கு எதிரே இடம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். அந்த மனிதர் லாரிகளைத் தொடுகிற மாதிரி போய்க் கடைசி நொடியில் ஒடித்து எடுத்தார். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஆடுசதை வலி எடுத்துவிட்டது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அந்தப் பழக்கம். பக்கத்தில் மீன் கூடையோடு வந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "என்னா கண்ணு, காலு இழுத்துக்கிச்சா?" என்று தைலம் எடுத்துக் கொடுத்தார்.

புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வோம். இங்கே அந்த நிழலில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கி, ஜாதகம் வரைக்கும் போய்விட்டது. நான் மட்டும் வெறும் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தேன்.

போன் திரையில் சிதம்பரப் படம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெரிய தாளில் அச்செடுக்க அண்ணாமலை நகர்தான் சரி என்றார்கள், அங்கே மாணவர்கள் புராஜெக்ட் படமெல்லாம் எடுப்பார்களாம். போகிற வழியில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன். சுட்ட கத்திரிக்காயில் செய்வது, சிதம்பரத்துக்கென்றே உள்ள சாமான். இன்னும் இரண்டு இட்லி கேட்டேன். பரிமாறியவர் என் இலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே மூன்றாவதையும் வைத்தார்.

ஜெராக்ஸ் கடைப் பெண் படத்தைப் போர்வை அகலத்துக்கு அச்செடுத்துத் தரையில் விரித்தாள். அதில் பள்ளிவாசல்கள் ஒன்றுக்கு மேலே இருந்தன. வட்டங்களோ அம்மை போட்ட மாதிரி எங்கே பார்த்தாலும்! நான் முட்டி போட்டு ஒவ்வொரு பள்ளிவாசலின் பின்பக்கமும் தேடினேன். எல்லாம் மனைக்குள்ளே இருக்கிற முழு வட்டம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது என்னாக்கா, ரோட்ல வைக்கிற போர்டு மாரி இருக்குது?" என்றாள் அந்தப் பெண்.

பார்த்தேன். இரண்டு மனைகளுக்கு நடுக்கோட்டில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் குறுக்கே அந்தக் கோடு. எதிரே பள்ளிவாசலின் பின்பக்கம். நோ என்ட்ரி! இந்தப் பலகையைப் பார்த்தால் உள்ளே போகாதே, போனால் அபராதம் என்று ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகத் துடித்தேன். "பாதிக் கிணறு!" என்று நான் கத்தியதில் கடைக்குள் இருந்த பிள்ளைகளெல்லாம் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்கள்.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன். நடுவில் ஏழுமலையிடமிருந்து போன். "என்னாச்சுக்கா, ஊடு கெடச்சுதா? மச்சானும் கேக்குறாரு." "கிடைக்கப் போகுது ஏழுமலை!" என்றேன். அந்த மனை இருந்த சந்தில் மதியம் கரண்டு இல்லை. கடைகளெல்லாம் இருட்டாகக் கிடந்தன. படத்தில் இருந்த இடத்தில் பழைய ஓட்டு வீடொன்று முகப்பில் சிமெண்ட் பூசிக்கொண்டு நின்றது. உள்கட்டில் மட்டும் ஒரு மாடி எழும்பியிருந்தது. வாசலில் மெஸ் போர்டு. உள்ளே கடைக்காரப் பையன்களும் மாணவர்களும் வியர்வை வழிய மீன் குழம்பில் புரண்டுகொண்டிருந்தார்கள்.

மெஸ் நடத்துகிற தனலட்சுமி கரண்டியும் கையுமாக வந்தாள். என் தாள் சுருளைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஓனரம்மா அனுப்புனாங்களா? துபாய்லருந்து? ஊட்டை இடிச்சுக் கட்டப் போறாங்களா? சொல்லிடுங்கம்மா, நாங்க எங்கயாச்சும் பொழச்சுக்கறோம்."

"அம்மா தாயே, நான் இடிக்க வரல! எங்க வாப்பா பொறந்த வீடு இதுவான்னு பார்க்க வந்தேன். இங்க கிணறு இருக்கா?"

"கெணறா? இருக்குதே!" அவளுக்கு உயிர் வந்தது. "மேலண்ட போயி பாருங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். மொட்டை மாடி. காயப்போட்ட துணி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், அப்பளம். கிணறு எங்கே? ஒரு லுங்கியை விலக்கினேன்.

கோபுரம்!

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றது. நான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓ என்று கத்தினேன். கீழே இருந்து தனலட்சுமி ஓடி வந்தாள்.

"இங்க என்னாம்மா பண்றீங்க?"

"நீதானே மேலே போகச் சொன்னே?"

"மேலண்டன்னா மேக்கால பக்கம்மா! மாடியில போயா கெணறு வெட்டுவாங்க?"

மெஸ்ஸே எழுந்து சிரித்தது. பினாங்குத் தமிழில் மேலே என்றால் மேலேதான், நான் என்ன செய்ய? ஆனால் ஒழுங்காக மேற்கே போயிருந்தால் அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

சமையல்கட்டைத் தாண்டி மேற்கே கொல்லை. பாசி பிடித்த மதில் ஒன்று நேராக வந்து கிணற்றின் நடு முதுகில் ஏறி நின்றது. இந்தப் பக்கம் அரை வட்டக் கட்டைச்சுவர். ராட்டினம், கயிறு, பச்சை பிளாஸ்டிக் வாளி. நான் கட்டையில் கை வைத்தேன்.

"கரண்டு இருந்தா மோட்டருதான்" என்று தனலட்சுமி காதோடு சொன்னாள். "இன்னிக்கு இல்ல, அதான் வாளி. அந்தாண்ட ஊட்டம்மாவோட நான் பேசறதில்லீங்க. மோட்டரு போட்டாலும் சண்டை, போடாட்டியும் சண்டை. வாய் ஜாஸ்தி."

வாப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

"கிடைச்சிருச்சு வாப்பா!"

திரை முழுக்க ஒரே கண். நல்ல கண்ணைப் போனில் ஒட்டிவைத்துக்கொண்டார். மாடியிலிருந்து எடுத்த கோபுரப் படத்தை முன்பே அனுப்பியிருந்தேன், அதை அவர் நம்பவில்லையாம். கோபுரம் எங்கேயும் இருக்கும் என்றாராம் காதரிடம். "கிட்டக் காட்டு. அவ்வளவு கிட்ட இல்ல, தள்ளிப் பிடி. மதிலைக் காட்டு. கீழே... கீழே போ..." நான் மதில் வழியே போனை மெதுவாக இறக்கினேன். மதில் முடிகிற இடம், அதற்கடியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கறுப்புத் தண்ணீர். அந்தக் கண் இமைக்கவே இல்லை.

"தெரியுதா வாப்பா?"

"தண்ணி மின்னுது" என்றார். அப்புறம், "நூரு, வாளியை விடச் சொல்லு" என்றார்.

தனலட்சுமி கயிற்றை விட்டாள். ராட்டினம் கீச்சென்றது. வாளி போய், போய், தண்ணீரைத் தொடுவதற்குள் டங்கென்று எதிலோ இடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கயிறு ஆடியது.

"எவ அவ, என் வாளியில இடிக்கிறது?"

தனலட்சுமி வாயில் விரலை வைத்து, பதில் சொல்லாதீங்க என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் சொல்லவில்லை. ஆனால் என் கையிலிருந்த போன் கிணற்றுக்கு நேர் மேலே இருந்தது, சத்தமும் முழுசாக வைத்திருந்தேன்.

"நாந்தான்!" என்றார் வாப்பா.

கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. அந்தப் பக்கக் கயிறு அப்படியே நின்றது.

"நாந்தான்னா? எவன்டா நீ?"

"பாத்துமுத்து மவன்!" எண்பது வயசுக்காரர் குரலாக அது இல்லை. "நாந்தான் இடிச்சேன்! பாத்துமுத்து மவன்!"

அந்தப் பக்கக் கயிறு மறுபடி ஆடியது. "எவ மவனா இருந்தா எனக்கென்னா? வாளிய எடுடா மொதல்ல!"

திரையில் கண் போய், பல்லில்லாத வாய் வந்தது. வாப்பா சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார்.

"எடு நூரு, சீக்கிரம் எடு. திட்டுறாங்க பாரு!"